ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வாரம்: உங்களுக்கு இப்படி ஏதாவது சின்னதாகக் கிடைத்தது உண்டா?

வடம்போக்கி (செவ்வாய், இரவு 11.40)

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை விடிகாலை அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஞ்சியோ எடுத்ததில் இரண்டு இடத்தில் அடைப்பு. அன்றைக்கே ஒன்றுக்கு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள், இன்னொன்று நாளைக்கு. வயது 71, போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், படுத்திருங்கள் என்றாலே சண்டைக்கு வருவார். அம்மாவுக்கு மூட்டுவலி, நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். மனைவி வேலைக்கும் போய், பையனையும் பார்த்து, மூன்று வேளைச் சாப்பாடும் கட்டி அனுப்புகிறாள். எனக்கு வராந்தாவில் இருக்கும் இரும்பு நாற்காலியில் இது நான்காவது ராத்திரி. அசைந்தால் கிறீச்சென்று கத்தும், பக்கத்தில் தூங்குகிறவர்கள் எல்லாரும் எழுந்து என்னை முறைப்பார்கள். இன்சூரன்ஸ்காரர்கள் ஒவ்வொரு தடவையும் இன்னொரு காகிதம் கேட்கிறார்கள். இன்று கேட்டது, அப்பாவுக்கு முதன்முதலில் சர்க்கரை என்று கண்டுபிடித்தபோது எழுதிய சீட்டு. அந்த டாக்டர் கிளினிக்கை மூடிப் பல வருடம் ஆகிறது.

இதைப் புலம்பத்தான் இழை தொடங்கினேனா என்றால் இல்லை (கொஞ்சம் அதற்கும்தான்). இன்றைக்கு ஒன்று நடந்தது. மதுரைக்காரர்களுக்குத் தெரியும், இன்று மீனாட்சி திருக்கல்யாணம். கோயிலில் மாங்கல்யம் ஏறுகிற நேரத்தில் ஊரில் இருக்கிற பெண்களும் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வார்கள். அம்மா ஒரு வருடமும் விட்டதில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து மாற்றுவார், அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த வருடம் அப்பா ஐ.சி.யூ.வில். வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து ஏழரைக்கே வந்து இறங்கிவிட்டார், மஞ்சள் பையில் கயிறு, குங்குமச் சிமிழ், அரை முழம் மல்லி.

வராந்தாவில் மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மகனுக்காக உட்கார்ந்திருக்கிறார். அவர் பேத்தியின் போனில் நேரலை ஓடியது. அந்தத் துளியூண்டு திரையைச் சுற்றி ஒன்பது பெண்கள். துப்புரவு வேலை பார்க்கிற அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றார். யாரிடமோ ஒரு கயிறு கூடுதலாக இருந்தது, அது அவருக்குப் போனது. மாங்கல்யம் ஏறியதும் மேலூர் அம்மா குலவை போட வாயைத் திறந்தார். செக்யூரிட்டி தம்பி ஓடிவந்து, "ஐ.சி.யூ. வாசல்ல வேணாம்மா, என் வேலை போயிரும்" என்று கெஞ்சினான். அவர் யோசித்தார், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே குலவை போட்டார். அது எப்படி இருந்தது என்றால், குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அது. முதலில் சிரித்தது அந்தச் செக்யூரிட்டி தம்பிதான்.

அப்புறம் பார்வையாளர் நேரத்தில் அம்மா உள்ளே போனார். அப்பா கேட்ட முதல் கேள்வி, "மொய் எழுதியாச்சா?" மீனாட்சி கல்யாணத்துக்கு வருடா வருடம் 101 ரூபாய் மொய் எழுதுகிற ஆள் அவர்.

அந்தப் பத்து நிமிடம் எனக்கு இன்சூரன்ஸ் ஞாபகமே வரவில்லை. உங்களுக்கும் இந்த மாதிரி வாரம் வந்திருக்கும், அதற்குள் இந்த மாதிரி பத்து நிமிடமும் வந்திருக்கும். தத்துவம் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள். ராத்திரிக்குப் படிக்க ஏதாவது வேண்டும்.

செம்போத்து (செவ்வாய், இரவு 11.58)

அப்பா சீக்கிரம் எழுந்து சண்டை போடட்டும்.

எனக்குப் போன பிப்ரவரி. கம்பெனியில் ஒரே நாளில் எங்கள் டீம் முழுவதையும் அனுப்பிவிட்டார்கள், கோயம்புத்தூரில் வீட்டுக்கடன் கட்டுகிற ஆள் நான் ஒருத்திதான். முதல் வாரம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு தையல்சிட்டு ஜோடி, எங்கள் எலுமிச்சைச் செடியில் இரண்டு இலையைச் சேர்த்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தது. தைக்கிறது என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. அலகால் இலை ஓரத்தில் பொத்தல் போடும், பஞ்சை அதில் நுழைக்கும், மறுபக்கம் பஞ்சு பிசிறி முடிச்சு மாதிரி நின்றுகொள்ளும். பஞ்சு எங்கேயிருந்து வருகிறது என்று இரண்டு நாள் தெரியவில்லை. மூன்றாவது நாள் பார்த்தால் மாமியார் திரித்து முற்றத்தில் வைத்திருந்த விளக்குத் திரி! அவர் திரி குறைகிறது என்று வேலைக்கார அக்காவைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். நான்தான் கூப்பிட்டுக் காட்டினேன், காட்டும்போதே வேலை போன விஷயமும் வாயில் வந்துவிட்டது. "சரி விடு, பாத்துக்கலாம்" என்றார், பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல்.

முட்டை பொரித்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் பூனை வளர்க்கிறார்கள்.

சும்மா ஒருத்தன் (புதன், காலை 6.20)

கோபித்துக்கொள்ளாதீர்கள். யாராவது சின்னச் சின்ன சந்தோஷம் என்று ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் அம்மாவுக்கு மறதி நோய், மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார், அதனால் உள்தாழ்ப்பாளை மேலே உயரத்தில் மாற்றி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் வருவார்கள், காபி குடிப்பார்கள், "நல்லதை மட்டும் பாருப்பா, மனசு லேசாகும்" என்பார்கள், போய்விடுவார்கள். ஒரு ராத்திரி நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. ஆக, நல்லதைப் பார் என்பதற்கு எனக்குப் புரிந்த அர்த்தம், என்னிடம் உதவி கேட்காதே.

மல்லிகைப்பூ வாசத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வரப்போவதில்லை. அந்தத் துப்புரவு அக்காவுக்குக் கயிறு கிடைத்தது சரி, சம்பளம் ஒன்றாம் தேதி கிடைக்கிறதா என்று கேட்டீர்களா?

வடம்போக்கி (புதன், காலை 7.05)

கேட்கவில்லை. நியாயமான கேள்வி. இப்போது அப்பாவை உள்ளே எடுத்துப் போகிறார்கள், அப்புறம் வருகிறேன்.

கணக்கு வாத்தியார் (புதன், காலை 10.30)

சும்மா ஒருத்தன் சொல்வதில் உள்ள நியாயத்துக்கு ஆராய்ச்சியிலேயே இடம் இருக்கிறது. 2003இல் எம்மன்ஸ், மெக்கல்லஃப் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவை நன்றிக்குரிய விஷயங்களையும், இன்னொரு குழுவை எரிச்சல்களையும் வாராவாரம் எழுதச் சொன்னார்கள். முதல் குழுவுக்கு வாழ்க்கை கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது. இதை வைத்துத்தான் தினமும் மூன்று எழுது, ஐந்து எழுது என்று ஊர் முழுக்க நோட்டுப் புத்தகம் விற்கிறார்கள். ஆனால் லியுபோமிர்ஸ்கி குழுவினர் பிற்பாடு செய்ததில், வாரத்துக்கு ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரத்துக்கு மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டுப்பாடம் ஆனால் எதுவுமே கசக்கும், நான் வாத்தியார், எனக்குத் தெரியாதா.

என் கதை சின்னது. காலாண்டுத் தேர்வு வாரம், எனக்கு டெங்கு வந்து எழுந்த சமயம், வண்டியையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். 140 பேப்பர் திருத்த வேண்டும். ஒரு பையன் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்: "ஐயா இதுக்கு மேல வரல. ஆனா நேத்து வந்துச்சு." அரை மதிப்பெண் போட்டேன். விதிப்படி தப்பு.

செம்போத்து (புதன், காலை 10.41)

அரை ரொம்பக் கஞ்சத்தனம் ஐயா.

நைட்டு டூட்டி (புதன், மதியம் 2.15)

14 வருடமாக நர்ஸ். முதலில் வேலை விஷயம். வடம்போக்கி அண்ணா, பழைய சீட்டைத் தேடி அலையாதீர்கள். இப்போது அப்பாவைப் பார்க்கிற டாக்டரிடமே, சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது என்று லெட்டர் பேடில் எழுதி, கையெழுத்தும் சீலும் போட்டு வாங்குங்கள். கைவசம் இருக்கிற பழைய மருந்து பில், லேப் ரிப்போர்ட் எது இருந்தாலும் கூட வையுங்கள். நிறையப் பேருக்கு அதிலேயே முடிந்திருக்கிறது. இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் வாயால் சொல்வதை நம்பாமல், என்ன வேண்டும் என்று மெயிலில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், ஆஞ்சியோ மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் அந்தக் கையால் சில நாள் கனம் தூக்கவிடாதீர்கள். மெக்கானிக் என்கிறீர்கள், சொல்பேச்சு கேட்கமாட்டார்.

இப்போது சந்தோஷக் கதை. நான் சர்ஜரி வார்டில் இருந்தபோது எங்களுக்கு இருந்த பெரிய சந்தோஷம் என்ன தெரியுமா? வயிற்று ஆபரேஷன் முடிந்தவருக்குக் காற்றுப் பிரிவது. சிரிக்காதீர்கள். குடல் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அது ஒரு அடையாளம், அதை வைத்துத்தான் வாய்வழி ஆகாரத்துக்கு டாக்டர் மெல்ல மெல்ல அனுமதி கொடுப்பார். ஒரு தாத்தாவுக்கு நாலு நாள் ஆகியும் ஒன்றுமில்லை, வயிறு உப்பிக்கொண்டே போகிறது, டாக்டர் முகம் சரியில்லை. எனக்கும் அந்த வாரம் வீட்டில் பிரச்சினை, டூட்டிக்கு வந்ததே அழுதுகொண்டுதான். ஐந்தாம் நாள் விடிகாலை நாலு மணிக்கு அவர் மருமகள் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி, "சிஸ்டர், மாமாவுக்குப் போயிருச்சு!" என்று ஓடி வருகிறார். பதினோரு கட்டில், அத்தனை பேரும் முழித்துக்கொண்டார்கள், ஒருத்தர் கை தட்டினார். தாத்தா வெட்கத்தில் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

சும்மா ஒருத்தன் அண்ணாவுக்கு: நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. பார்த்துக்கொள்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் வேலை பார்த்த இடத்திலேயே நோயாளிக்குத் துணையாக இருக்கிற வீட்டு ஆட்கள் மயங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன், கேட்டால் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பார்கள்.

பருத்தித்துறை வடை (புதன், பின்னேரம் 6.50)

இலங்கையில் நாங்கள் 2022இல் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்தானே. பங்குனிக் (மார்ச்) கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆடியில் (ஜூலை) கியூ.ஆர் கோட் காட்டி அளவாக எண்ணெய் அடிக்கிற முறை வருமுன்னம் பெற்றோலுக்கு இரவு பகலாக லைனில் நிற்பதுதான் எங்களுடைய வேலை. அம்மம்மாவின் மருந்து யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையில்தான் கிடந்தது, அதை எடுக்க மோட்டார்சைக்கிள் வேணும், மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய் வேணும். இரண்டு இரவு நின்றேன்.

முதல் இரவு ஒருத்தரோடும் கதைக்கவில்லை, சரியான கோபம். இரண்டாம் இரவு முன்னுக்கு நின்ற ஆட்டோக்கார அண்ணை கடதாசிக் கட்டு (சீட்டுக்கட்டு) எடுத்தார், முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் விளையாட ஒரு கை குறையுது, தம்பி வாறியோ என்று கேட்டார். ஆட்டோவின் பின் சீட்டில் போன் வெளிச்சத்தில் விளையாட்டு. எதிர் வீட்டு அம்மா ஒருவர் கேத்தலோடு பிளேன்டீ கொண்டு வந்தார், சீனி விற்ற விலைக்கு சீனி போட ஏலாது, பனங்கட்டியை உடைத்து உள்ளங்கையில் ஆளுக்கொரு துண்டு. அதைக் கடித்துக் கடித்துக் குடிக்க வேணும். சின்ன வயதில் அப்பப்பா வீட்டில் குடித்த பிறகு அன்றைக்குத்தான்.

விடிய எனக்கு முன்னால் நாலு பேர் இருக்கப் பெற்றோல் முடிந்துவிட்டது. சொல்ல வெட்கமாகத்தான் கிடக்கு, அந்த நேரம் எனக்குப் பெற்றோலைவிட, நல்ல கை வந்த ஆட்டம் குழம்பினதுதான் கூடக் கவலை. மருந்தைப் பிறகு அந்த ஆட்டோ அண்ணைதான் எடுத்து வந்து தந்தவர்.

பெருங்குடி மொட்டைமாடி (புதன், இரவு 9.30)

மிக்ஜாம் புயல், 2023 டிசம்பர். புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், மூழ்கியது நாங்கள். தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், நாலு நாள் கரண்ட் இல்லை. எங்கள் அபார்ட்மென்டில் கார் நிறுத்துகிற தகராறில் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகள் உண்டு, அதில் ஒன்று எங்கள் வீடு. பிரிட்ஜ் ஓடாததால் எல்லார் வீட்டு மாவும் பொங்கி வழிய ஆரம்பித்தது. மூன்றாவது மாடியில் ஒருத்தரிடம் முழு சிலிண்டர் இருந்தது, எல்லா மாவையும் அங்கே கொண்டுபோய் ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டோம். ஐந்து வீட்டு மாவு, ஒன்றில் வெந்தயம் தூக்கல், ஒன்று ரேஷன் அரிசி, ஒன்று கடையில் வாங்கிய பாக்கெட். அந்தத் தோசையின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன், அது நல்ல தோசை இல்லை. ஆனால் கல்லைப் பிடித்திருந்தது அந்த எதிர்வீட்டு சார். "இன்னொண்ணு போடவா?" என்று கேட்டார். ஒன்றரை வருடத்தில் எங்களோடு பேசிய முதல் வார்த்தை.

தண்ணீர் வடிந்த பிறகு கார் தகராறு மறுபடி தொடங்கிவிட்டது என்பதையும் பதிவு செய்கிறேன்.

இன்னொன்று. அந்தத் தோசையை நினைத்துச் சிரிக்கிறேன் என்பதற்காகத் தண்ணீர் ஏன் நின்றது என்பதை நான் மறந்துவிடவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கட்டடமும் ரோடும் குப்பையுமாகப் போட்டு நிரப்பி, மிச்சம் இருந்ததை 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்தார்கள். தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வந்து எங்கள் பார்க்கிங்கில் உட்கார்ந்தது. இரண்டும் என் தலைக்குள் சேர்ந்துதான் இருக்கிறது.

கணக்கு வாத்தியார் (புதன், இரவு 9.44)

கொஞ்சம் தடம் மாறுகிறேன், மதுரையில் மல்லி இப்போது முழம் என்ன விலை?

வடம்போக்கி (வியாழன், காலை 9.10)

முகூர்த்தமும் திருவிழாவும் சேர்ந்து வந்தால் விலை கேட்காமல் இருப்பதே நல்லது ஐயா.

இரண்டாவது ஸ்டென்ட் நல்லபடியாக முடிந்தது. நேற்று சாயங்காலம் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். டாக்டர் லெட்டர் வாங்கி அனுப்பிவிட்டேன், நைட்டு டூட்டி தங்கச்சிக்குக் கோடி நன்றி.

நேற்று ராத்திரி எதிர்சேவை (மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்பது), இன்று விடிகாலை மீனாட்சியின் அண்ணன் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாள். ராத்திரி முழுக்க வேட்டுச் சத்தம், அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிறு வயதிலிருந்து ஒரு வருடம் தவறாமல் ஆற்றுக்குப் போனவர். நாலு மணிக்கு ஃபிளாஸ்க்கைக் கையில் கொடுத்து, டீ வாங்கிவிட்டு வா என்றார். டீ யாருக்கு? அவருக்கு டீ கிடையாது. என்னைத்தான் அனுப்புகிறார் என்று படியிறங்கும்போதுதான் புரிந்தது.

வெளியே வந்தால் ஊரே ரோட்டில். டீக்கடையில் கருப்பசாமி வேடம் போட்ட பையன் ஒருத்தன், பத்து வயது இருக்கும், ஒட்டு மீசையை நனைக்காமல் டீ குடிக்கப் பாடுபடுகிறான். அவன் அப்பா தட்டில் ஊற்றி ஆற்றிக் கொடுக்கிறார். சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றிப் பிடித்தபடி வரிசையாகப் பெண்கள். ஒரு பந்தலில் நீர்மோர் கொடுத்தார்கள், விடிகாலையில் மோரா என்று யோசிப்பதற்குள் குடித்துவிட்டேன், இஞ்சி தூக்கலாக இருந்தது. கூட்டம் தள்ளித் தள்ளி ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்விட்டது. தோப்பறையோடு (தோலால் செய்த தண்ணீர்ப் பை) நின்ற ஒரு ஆள் அழகர் மேல் பீய்ச்ச வேண்டிய தண்ணீரைப் பாதி என் மேல் பீய்ச்சினார். தொப்பலாக நனைந்து, ஃபிளாஸ்க்கோடு, ஆறரைக்கு வார்டுக்குத் திரும்பினேன். வாசலில் நர்ஸம்மா திட்டிய திட்டு தனிக்கதை.

அப்பா ஒன்றும் பேசவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்தார், ஈரத்தை விரலால் தேய்த்தார். "என்ன பட்டு?" என்றார், அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி இறங்கினார் என்று.

"பச்சைப்பா."

"அப்ப மழை உண்டு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்சூரன்ஸ் வந்துருச்சா?" இல்லை என்றேன். "தங்கச்சி கல்யாணத்துக்கே லேட்டா வந்தவரு இப்பத்தான் ஆத்துல இறங்கியிருக்காரு. அவன் வருவான், விடு."

பருத்தித்துறை வடை (வியாழன், காலை 9.35)

ஐயோ, அப்பா சரியான ஆள்!

சும்மா ஒருத்தன் (வியாழன், இரவு 1.50)

அன்றைக்குக் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன், ஆனால் வாபஸ் வாங்கவில்லை.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவுக்கு நான் யார் என்று பல நாள் தெரியாது. பெரும்பாலும் என்னை அவருடைய அண்ணன் என்று நினைத்துக்கொள்வார், என் பெரிய மாமா, செத்து இருபது வருடம் ஆகிறது. முதலில் எல்லாம் இல்லம்மா, நான் உன் மகன் என்று திருத்துவேன், அழுகையில் போய் முடியும். இப்போது திருத்துவதில்லை. நேற்று சாயங்காலம் டீயில் நனைத்துக் கொடுத்த பிஸ்கட்டில் பாதியைக் கடித்துவிட்டு மீதியைப் புடவைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொண்டார். ஈரம் துணியெல்லாம் ஒட்டும், குடும்மா என்றேன், கொடுக்கவில்லை. ராத்திரி நான் படுக்கும்போது வந்து அதை அவிழ்த்து நீட்டினார். "சாப்பிடுண்ணே, அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு.

சாப்பிட்டேன். இது சந்தோஷமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. இழையில் போடுகிற விஷயமா என்றும் தெரியவில்லை.

நைட்டு டூட்டி (வியாழன், இரவு 2.10)

போடுகிற விஷயம்தான். அண்ணா, நீங்கள் எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். சும்மா ஆறுதலுக்கு இல்லை, நம்பிக்கையாக ராத்திரி வந்து இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும், மாதத்தில் நாலு ராத்திரியாவது நீங்கள் தூங்கலாம்.

வடம்போக்கி (சனி, மாலை 5.20)

வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்சூரன்ஸ் நேற்று ராத்திரி வந்தது, கையுறை, பஞ்சு, அது இது என்று கழித்துக்கொண்டு மீதிக்கு. டிஸ்சார்ஜ் என்று காலை ஒன்பதுக்குச் சொன்னார்கள், வெளியே வர மூன்று ஆனது. அந்த அக்காவிடம் சம்பளம் பற்றிக் கேட்டேன், சும்மா ஒருத்தன். ஒப்பந்த வேலையாம், பத்தாம் தேதிக்கு முன்னால் வந்ததில்லையாம்.

பில்லுக்குக் காத்திருந்த நேரத்தில் அப்பா சக்கர நாற்காலியில் வராந்தாவில் இருந்தார், நான் என்னுடைய கிறீச் நாற்காலியில். இரண்டு தடவை அசைந்தேன், அவ்வளவுதான், "எந்திரி" என்றார். குனியப் போனவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தோம். சரி, நீ பார் என்று என்னை மண்டிபோட வைத்தார். பின்கால் பக்கம் ஒரு ஸ்க்ரூ பாதி வெளியே வந்து கிடக்கிறது, ஆறு ராத்திரி அதன் மேலேயே தூங்கியிருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் இல்லை, அப்பா பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கொடுத்து, "அழுத்தித் திருகு, அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம்" என்று மேலேயிருந்து வேலை வாங்கினார். நாணயத்தின் ஓரம் நசுங்கிவிட்டது, ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது. இப்போது அதில் மேலூர் அம்மா இருக்கிறார், அவர் மகன் இன்னும் உள்ளேதான்.

பருத்தித்துறை வடை (சனி, இரவு 7.00)

எல்லாம் சரி அண்ணை, மொய் எழுதினதோ இல்லையோ?

வடம்போக்கி (சனி, இரவு 7.12)

எழுதியாச்சு, 101. ரசீதைக் கேட்டு வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டார்.